புல்லட் ஊரும் கான்பூர் ரிவால்வரும்

திருவொற்றியூர் பக்கத்தில் ‘புல்லட்’ என்று சொன்னால் யாருக்கும் துப்பாக்கிக் குண்டு நினைவுக்கு வராது. சங்கு ஊதியதும் தடதடவென்று வெளியே வரும் வண்டிதான் நினைவுக்கு வரும். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அந்த ரெட்டிச் கம்பெனி ஆதியில், லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுத்த கம்பெனி. பெயரில் என்ஃபீல்டு ஒட்டிக்கொண்டதும், சின்னத்தில் பீரங்கி வந்ததும், ‘துப்பாக்கியைப் போல் செய்தது’ என்று விளம்பரம் செய்ததும் அதனால்தான். நம் ஊர் ஆட்கள் பலர் அந்தப் பீரங்கிச் சின்னத்தின் மேல் உட்கார்ந்து ஓய்வு பெறும் வரை வேலைக்குப் போனார்கள். நிஜத் துப்பாக்கியைக் கையில் தொட்டவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்.

அதற்குச் சட்டம்தான் காரணம். 1857 கலகத்தின் பயம் அடங்காத நிலையில், லிட்டன் பிரபு 1878-ல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும்; வெள்ளைக்காரனுக்கு விலக்கு. இது எவ்வளவு உறுத்தியது என்பதற்கு ஒரு சாட்சி: உப்பு சத்தியாகிரகத்துக்கு முன் 1930 ஜனவரியில் காந்தி வைத்த பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தர வேண்டும் என்பதும் ஒன்று. அகிம்சைக்காரர் இதைக் கேட்டாரா என்று என் பேரன் நம்பவே இல்லை.

லைசென்ஸ் கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழி இருந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். அவர் வனத்துறையில் வேலை பார்த்தவர். ஆயுதம் பழகிய ஆள் இல்லை. புதுச்சேரியில் வ.வே.சு. ஐயர்தான் சுடப் பழக்கினார். அந்தச் சதி வழக்கு நடந்தது நம் பாரிமுனை ஹைகோர்ட்டில்.

சுதந்திரம் வந்த பிறகு 1959-ல் புதுச் சட்டம் வந்து, 1962 அக்டோபரில் அமலானது. வெள்ளைக்காரனுக்குத் தனி நியாயம் ஒழிந்தது. ஆனால் பட்டாளமும் போலீசும் பயன்படுத்தும் .38, 9 எம்.எம். போன்ற ரகங்கள் பொதுமக்களுக்குத் தடை. எண்பதுகளில் வெளிநாட்டு இறக்குமதியும் நின்றது. ஆக, எது வாங்கலாம் என்று நம் ஆள் மூளையைக் கசக்க வேண்டியதே இல்லை. பழைய வெளிநாட்டுச் சரக்குக்கு ஆனை விலை. இல்லையென்றால் கான்பூர் அரசு தொழிற்சாலையின்.32 ரிவால்வர். அது பிரிட்டிஷ் வெப்லியின் சாயல். அதே வெப்லியைப் பார்த்துத்தான் என்ஃபீல்டு தொழிற்சாலையும் தன் ரிவால்வரைச் செய்தது. ஆக, நம் புல்லட்டுக்கு அது ஒருவகையில் பங்காளி முறை!

ராயபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அதை வைத்திருந்தார். காசிமேட்டுப் படகுகளுக்குக் கயிறும் வலைச் சாமான்களும் விற்றவர். ராத்திரி வசூல் பணத்தோடு வருவதால் லைசென்ஸ் வாங்கினார். அப்போது கமிஷனர் ஆபீஸ் எழும்பூரில். கணக்கெழுதத் தெரிந்தவன் என்பதால் மனு எழுத என்னைக் கூப்பிடுவார். ஒரு தடவை, பிஸ்டல் வாங்கியிருக்கலாமே, பார்க்க நன்றாக இருக்குமே என்றேன்.

“அதுல மேகசினை உருவிட்டா காலின்னு நினைச்சுக்குவோம் தம்பி. குழாய்க்குள்ள ஒண்ணு நிக்கும். இதை மடக்குனா ஆறு ஓட்டையும் கண்ணுக்குத் தெரியும்” என்றார்.

புதிதாக ஆயுதம் வாங்குகிறவனுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. காலி என்று தெரிந்தாலும் வாயைச் சுவர்ப் பக்கம்தான் திருப்பி வைப்பார். விசையில் விரல் போகாது. ரிவால்வர் இரும்புப் பெட்டியில், தோட்டா வேறொரு பீரோவில், சாவி இரண்டும் இரண்டு இடத்தில். அப்படியானால் திருடன் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். திருடன் எப்போதோ வருவான், பேரப்பிள்ளை தினமும் வருவான் என்றார்.

அவர் காலமான பிறகுதான் சிக்கல். பெரியம்மா பயந்துபோய் ரிவால்வரை அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டு, “லைசென்ஸ்காரர் போயிட்டாரே, என்னைப் பிடிச்சுக்கிட்டுப் போவாங்களா?” என்று அழுதார். சட்டத்தின் 21-வது பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் போன ஆயுதத்தைத் தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். வாரிசு பிறகு விற்றுக்கொள்ளலாம். நாங்கள் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கவில்லை. முதலில் ஸ்டேஷனில் போய்ச் சொன்னோம். ஒரு ஏட்டு வீட்டுக்கே வந்து, அரிசியைத் தட்டிவிட்டு, மடக்கிப் பார்த்தார். ஆறு ஓட்டையும் காலி. பீரோவில் இருந்த தோட்டாக்களை எண்ணினார். கணக்குச் சரியாக இருந்தது. பெரியம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இப்போது விதிகள் மாறியிருக்கின்றன. 2016 விதிகளின்படி, மனு போடுகிறவர் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். 70 வயது ஆனவர், அல்லது 25 வருடம் ஆயுதம் வைத்திருந்தவர், உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு மாற்ற வழி உண்டு. 2019 திருத்தத்தில், ஒருவர் மூன்று வைத்துக்கொள்ளலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. கல்யாணத்தில் வானத்தை நோக்கிச் சுட்டால் இரண்டு வருடம் வரை சிறை. இதைப் படிப்பவர்களில் யார் வீட்டிலாவது அப்பா காலத்து ரிவால்வர் பரணில் கிடந்தால், முதலில் லைசென்ஸ் தேதியைப் பாருங்கள். கமிஷனர் ஆபீஸ் 2013 முதல் வேப்பேரியில். எழும்பூர் பழைய கட்டடம் 2021 முதல் போலீஸ் மியூசியம். பழைய துப்பாக்கிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள்.

பெரியவருடைய ரிவால்வரை மகன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வியாபாரி கொடுத்த பணத்தில் பெரியம்மா ஒரு கிரைண்டர் வாங்கினார்.