கல்லீரல் கொழுப்பும் ஹாஸ்டல் பெண்களும்: செம்பரம்பாக்கம் வட்டாரத்தை முன்வைத்து

செம்பரம்பாக்கம் தொடங்கி ஒரகடம் வரையிலான தொழில் வட்டாரத்தில், கைபேசி கோக்கும் ஆலைகளில் நின்று வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். கல்லீரல் கொழுப்பு நோய் என்றதும் இவர்கள் யார் நினைவுக்கும் வருவதில்லை. தொப்பை விழுந்த நடுவயது ஆண்தான் அந்நோய்க்கு நாம் வைத்திருக்கும் அடையாளம். அது முழுப் பொய்யன்று. ஆனால் அதை நம்பிப் பரிசோதனைகளை அமைப்பது இப்பெண்களுக்குக் கேடு என்பதே என் வாதம்.

மருத்துவர் வி. மோகன் குழுவினர் சென்னையில் நடத்திய 'கியூர்ஸ்' ஆய்வின் 2009ஆம் ஆண்டு முடிவுப்படி, ஆண்களில் 35 சதவீதத்தினருக்கும் பெண்களில் 29 சதவீதத்தினருக்கும் கல்லீரலில் கொழுப்பு இருந்தது. புள்ளியியல்படி இந்த இடைவெளி பொருட்படுத்தத்தக்கதன்று. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2021ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று இன்னும் கவலை தருகிறது. நோய் வரும் வாய்ப்பு பெண்ணுக்குக் குறைவு. வந்தபின் கல்லீரல் முற்றிய தழும்பு நிலையை எட்டும் வாய்ப்போ, குறிப்பாக ஐம்பது வயதுக்கு மேல், பெண்ணுக்கே கூடுதல்.

இந்நோய்க்கான காரணத்தின் ஒரு பகுதி உணவில் இருக்கிறது. கல்லீரல் தன் கொழுப்பை வெளியேற்றக் கோலின் என்னும் சத்து வேண்டும். அதை உடலே ஓரளவு தயாரிக்கும்; அந்தத் தயாரிப்பை ஈஸ்ட்ரோஜன் தூண்டுகிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் கோலின் மிகக் குறைந்த உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்களில் 77 சதவீதத்தினருக்கும், மாதவிடாய் நின்ற பெண்களில் 80 சதவீதத்தினருக்கும் கல்லீரலோ தசையோ பாதிக்கப்பட்டது. மாதவிடாய் நிற்காத பெண்களில் பாதிக்கப்பட்டவர்கள் 44 சதவீதம். 2007இல் வெளியான இந்த முடிவை இளம்பெண்ணுக்கு இயற்கைக் காப்பு உண்டு என்பதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கோ அந்த 44தான் கண்ணில் படுகிறது. மரபணு வேறுபாட்டால் ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதல் பலிக்காத பெண்களும் இருக்கிறார்கள். சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ளவர்களுக்கோ இளமையிலேயே ஆபத்து கூடுகிறது.

இனி ஹாஸ்டல் தட்டைப் பார்ப்போம். குவித்த சோறு, நீர்த்த சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல். ஒரு முட்டையில் ஏறத்தாழ 140 மில்லிகிராம் கோலின் உண்டு. பெண்ணுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 425. முட்டையில்லாத நாளில் இந்தத் தட்டு அதை எட்டுவது கடினம். 2021 டிசம்பரில், இவ்வட்டாரத்தில் கைபேசி கோக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். அதன்பின் சமையலறைத் தூய்மை விவாதமானது, நியாயம்தான். தட்டில் மாவுச்சத்து எவ்வளவு, புரதம் எவ்வளவு என்ற கேள்வியும் அதே அளவு எழுந்திருக்க வேண்டும். இந்தியரின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து என்று ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2025இல் காட்டியிருக்கிறது.

ரத்தப் பரிசோதனைச் சீட்டும் இவர்களுக்குத் துணையில்லை. ஏஎல்டி என்னும் கல்லீரல் நொதி 32 என்று வந்தால், பக்கத்தில் '40 வரை' என்று அச்சிட்டிருப்பதால் சரி என்று மடித்து வைத்துவிடுகிறோம். ஆரோக்கியமான ரத்ததானம் செய்வோரை வைத்து இத்தாலிய ஆய்வாளர்கள் 2002இல் முன்மொழிந்த உச்ச வரம்பு ஆணுக்கு 30, பெண்ணுக்கு 19. இடுப்பளவுக்கு நம் மருத்துவர்கள் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்று பிரித்தே பார்க்கிறார்கள். கல்லீரல் நொதிக்கும் அந்தப் பிரிவினை வர என்ன தடை?

ஆய்வுக்கூடமும் இதே சாய்வில்தான் வளர்ந்தது. கொழுப்புணவுக்குப் பெண் சுண்டெலி எளிதில் பருப்பதில்லை என்பதால் ஆண் சுண்டெலியையே வைத்து ஆராய்ந்தார்கள். பெண் உடல் ஏன் தாக்குப்பிடிக்கிறது என்பதே பெரிய ஆய்வுப் பொருள். அதைத் தொல்லை என்று ஒதுக்கினார்கள். இரு பாலையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் வற்புறுத்தியதே 2016இல்தான்.

இந்தக் குறையைப் போக்க நம் வட்டாரத்திலேயே வாய்ப்பு இருக்கிறது. இங்குள்ள வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளுடன் 2024இல் பெண் தொழிலாளர் விடுதி திறக்கப்பட்டது. பணியிடத்திலேயே பரிசோதிக்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே சமையலில் சாப்பிடும் இடம் உணவாய்வுக்கு அரிதாகக் கிடைப்பது. பெண்களின் முழுச் சம்மதத்தோடு, சோற்றைக் குறைத்து முட்டையும் சுண்டலும் கூட்டிய தட்டை ஒரு பகுதியினருக்கு வழங்கி, ஓராண்டு இடைவெளியில் கல்லீரலை ஸ்கேன் செய்து ஒப்பிடலாம். மாதவிடாய் ஒழுங்கையும் இரவு ஷிப்ட் நாள்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். முடிவு நிறுவனத்தின் கைக்குப் போகாமல் அந்தப் பெண்ணின் கைக்கே வர வேண்டும். வேலையை விட்டு ஊர் திரும்பினாலும் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் பதிவு தொடர வேண்டும்.