கதைக்குள் உறையும் கதை

ஒன்றைச் சொல்லி மற்றொன்றை உணர்த்துவதைத் தொல்காப்பியர் உள்ளுறை என்றார். அகப்பாடல்களில் காதலின் நாகரிகத்தைக் காத்த அம்முறை, அடிமை நாட்டில் உரிமைக் குரலைக் காத்தது. நாம் குடியேறி வாழும் கல்கத்தாவே அதற்குச் சான்று.

இந்நகரின் நாடக மேடைகள் ஆட்சியாளரை எள்ளி நகையாடின; அதன் விளைவாக 1876-இல் நாடகத் தடைச் சட்டம் பிறந்தது. வெளிப்படப் பேசுதல் இயலாத அச்சூழலில், அரசுப் பணியிலிருந்த பங்கிம் சந்திரர் நாவலில் உருவகத்தைக் கையாண்டார். 1882-இல் நூலாக வந்த 'ஆனந்த மட'த்தில் துறவிகள் வழிபடும் அன்னையின் மூன்று வடிவங்கள், நாட்டின் நேற்றும் இன்றும் நாளையுமே. 1926-இல் நூலான தாகூரின் 'ரக்த கரபி' நாடகத்தில் வலைக்குப் பின் மறைந்து பொன் தோண்டுவிக்கும் அரசன் யார்? மனிதரை வெறும் எண்களாக்கும் பேராசையே அவன்.

இங்கு வந்த பாரதியார், நிவேதிதா தேவியாரைக் கண்டு குருவாக ஏற்றார். 1912-இல் அவரது 'பாஞ்சாலி சபதம்' முதற்பாகம் வெளியாயிற்று. அவையில் மானமிழந்து நின்ற பாஞ்சாலியிடம் தமிழர் தம் தாய்நாட்டையே கண்டனர்.

நம் பிள்ளைகள் வங்கமும் தமிழும் ஒருங்கே கேட்டு வளர்பவர்கள். கதையோடு அவர்கள் எழுந்து சென்றுவிடாமல், உள்ளே உறைவதையும் காட்டுதல் நம் கடனன்றோ?