விதியும் திசையும்: போல்ட்ஸ்மானை முன்வைத்து

நியூட்டனின் விதிகளில் காலத்திற்குத் திசை கிடையாது. மோதி விலகும் இரண்டு மூலக்கூறுகளைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தாலும் எந்த விதியும் மீறப்படுவதில்லை. ஆனால் டீயில் கரைந்த சர்க்கரை திரும்பக் கட்டியாகிறதா என்ன?

1872இல் லுட்விக் போல்ட்ஸ்மான் விடை கண்டதாக அறிவித்தார்: மோதல்களே வாயுவைச் சமநிலைக்குத் தள்ளுகின்றன, அது பின்வாங்காது. 1876இல் அவருடைய மூத்த நண்பர் லோஷ்மிட் மடக்கினார்: எல்லா மூலக்கூறுகளின் வேகத்தையும் அப்படியே எதிர்த்திசைக்குத் திருப்பிவிட்டால்? வாயு வந்த வழியே போயாக வேண்டுமே! திசை உண்மையில் எங்கிருந்து வந்தது? மோதுவதற்கு முன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று சாராதவை என்று போல்ட்ஸ்மான் வைத்துக்கொண்ட அனுமானத்தில் அது ஒளிந்திருந்தது.

1877இல் அவர் பதிலை மாற்றினார். ஒழுங்கான நிலைகள் சொற்பம், குலைந்தவை எண்ணிலடங்கா. திரும்புவதற்குத் தடையில்லை, வாய்ப்புத்தான் அநேகமாக இல்லை.

இதுவும் போதாது. அதே கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் நேற்றும் இன்றைவிடக் குலைந்திருக்க வேண்டும். தொடக்கம் அசாதாரணமான ஒழுங்கில் இருந்தது என்று கொண்டால்தான் கணக்கு நேராகிறது. 1890களின் விவாதங்களில் போல்ட்ஸ்மானே இங்கு வந்து சேர்ந்தார். ஆக, திசை விதியில் இல்லை, தொடக்க நிலைமையில் இருக்கிறது. வரலாற்றின் இரும்பு விதிகளுக்கு இயற்பியலைச் சாட்சிக்கு அழைக்கும் நம் தோழர்கள், அந்தச் சாட்சி என்ன சொல்கிறது என்பதையும் கொஞ்சம் கேட்க வேண்டும்.