அல்ட்ரா மாரத்தான் தரவரிசை

மாரத்தானின் 42.195 கி.மீ.யைத் தாண்டும் எந்த ஓட்டப் போட்டியும் அல்ட்ரா மாரத்தான்தான். இதில் ஓடுபவர்களை வரிசைப்படுத்த உலகம் முழுவதும் ஏற்ற ஒரே பட்டியல் கிடையாது. சாலை, தடகளப் பாதை, மலைப்பாதை என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு. ஒன்றில் முன்னணியில் இருப்பவர் இன்னொன்றில் பெயரே இல்லாமல் போகலாம்.

சாலையிலும் தடகளப் பாதையிலும் கணக்கு எளிது. 50 கி.மீ., 100 கி.மீ. போன்ற போட்டிகளில் தூரம் மாறாது. குறைந்த நேரம் எடுத்தவர் முதல்வர். 6, 12, 24, 48 மணி நேரப் போட்டிகளில் நேரம் மாறாது. அதிகத் தூரம் ஓடியவர் முதல்வர். ஜெர்மன் அல்ட்ரா மாரத்தான் சங்கம் (டி.யு.வி.) பல நாடுகளின் முடிவுகளைத் திரட்டி, ஆண்டு, நாடு, பாலினம், வயதுப் பிரிவு வாரியாக இப்படித்தான் வரிசைப்படுத்துகிறது. இதில் புள்ளியும் இல்லை, சூத்திரமும் இல்லை. ஓடிய அளவு அப்படியே நிற்கும்.

24 மணி நேரப் போட்டியில் சிக்கல் கடைசிச் சுற்றில்தான். முழுச் சுற்றுகளைக் காலணியிலோ எண் அட்டையிலோ உள்ள சிப் எண்ணிவிடும். நேரம் முடியும்போது ஒவ்வொருவரும் பாதையில் வெவ்வேறு இடத்தில் இருப்பார்கள். ஆகவே ஓடுபவர் தம் எண் எழுதிய சிறு அடையாளப் பொருளை முன்பே கையில் வாங்கிக்கொண்டு, முடிவு ஒலி கேட்டதும் நின்ற இடத்தில் வைத்துவிடுகிறார். நடுவர்கள் அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து மீதித் தூரத்தைக் குறிக்கிறார்கள். 2022 ஜூலை 2, 3 தேதிகளில் பெங்களூரு கண்டீரவா விளையாட்டரங்கில் நடந்த ஆசிய-ஓசியானியா 24 மணி நேரப் போட்டியில் இந்தியாவின் அமர் சிங் தேவந்தா 257.618 கி.மீ. ஓடி முதலிடம் பெற்றார். 400 மீட்டர் சுற்றாகக் கணக்கிட்டால் 644 சுற்றும் 18 மீட்டரும். 2024-ல் கான்பெராவில் அவரே 272.537 கி.மீ. ஓடினார். உலகச் சாதனை, லித்துவேனியாவின் அலெக்சாண்டர் சொரோக்கின் 2022-ல் வெரோனாவில் ஓடிய 319.614 கி.மீ. அணித் தரவரிசைக்கு ஒவ்வொரு நாட்டிலும் முதல் மூவரின் தூரம் கூட்டப்படுகிறது. நான்காமவர் எவ்வளவு ஓடினாலும் அது அணிக்குச் சேராது.

மலையில் இந்தக் கணக்கு செல்லாது. ஏற்றமும் கல்லும் சேறும் இடத்துக்கு இடம் மாறுவதால் ஒரு போட்டியின் நேரத்தை இன்னொன்றோடு ஒப்பிட வழியில்லை. 2013-ல் தொடங்கிய சர்வதேச டிரெயில் ஓட்டச் சங்கம் (இட்ரா) இதற்கு ‘கிலோமீட்டர் முயற்சி’ என்ற அளவை வைத்திருக்கிறது. தூரத்தோடு, ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஒரு கிலோமீட்டரைச் சேர்க்க வேண்டும். நெய்வேலி நகரியத்தின் வட்டங்களைச் சுற்றிச் சமதளத்தில் 50 கி.மீ. ஓடினால் கணக்கு ஏறக்குறைய 50-லேயே நிற்கும். அதே 50 கி.மீ.யை 2,500 மீட்டர் ஏற்றமுள்ள மலைப்பாதையில் ஓடினால் 75. இந்த அளவை வைத்து இட்ரா போட்டிகளைப் பிரிப்பதால், இது அடுத்த பிரிவுக்குப் போய்விடும். நெய்வேலி ஓட்டம் உண்மையில் அந்தப் பட்டியலுக்குள்ளேயே வராது. டிரெயில் போட்டி என்றால் தார், சிமெண்டுப் பகுதி மொத்தத் தூரத்தில் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. நகரியத்தில் எங்கு திரும்பினாலும் தார்ச் சாலைதான். அந்த ஓட்டக்காரருக்கு டி.யு.வி. வகைப் பட்டியலே கதி.

இட்ரா ஒவ்வொரு முடிவுக்கும் 1,000-க்கு இத்தனை என்று மதிப்பெண் தருகிறது. அந்தப் பாதையில் சாத்தியமான மிகச் சிறந்த நேரம் 1,000 என்று வைத்து, மற்ற நேரங்களை அதோடு ஒப்பிடுகிறார்கள். கடைசி 36 மாதங்களில் ஒருவர் பெற்ற ஐந்து சிறந்த மதிப்பெண்களின் எடையிட்ட சராசரியே அவருடைய செயல்திறன் குறியீடு. மிகச் சிறந்த நேரம் என்பது யாரும் ஓடிக் காட்டியதல்ல, புள்ளியியல் மதிப்பீடு. எனவே இக்குறியீட்டை 24 மணி நேரத் தூரம்போல் உறுதியான அளவாகக் கொள்வதற்கில்லை. தகுதிச் சான்றாகப் பயன்படுத்தலாம். 612-க்கும் 609-க்கும் இடையே சண்டை போடுவது வீண். மலை ஓட்டங்களை நடத்தும் யு.டி.எம்.பி. அமைப்பின் குறியீடும் இதே வழிதான், ஆனால் 20 கி.மீ., 50 கி.மீ., 100 கி.மீ., 100 மைல் என்று தனித்தனியாகவும் தருகிறது.

எந்தக் கணக்கிலும் அடங்காதது ‘பேக்யார்ட்’ ஓட்டம். மணிக்கு ஒரு சுற்று, சுற்றுக்கு 6.706 கி.மீ.; ஒரு நாளில் சரியாக 100 மைல் வந்துவிடும். வேகமாக ஓடினால் ஓய்வு கூடும், தரவரிசை கூடாது. மற்றவர்கள் நின்றுவிட்ட பின், கடைசியில் தனியாக ஒரு சுற்றை முடிப்பவரே வெற்றியாளர். முடிவுப் பட்டியலில் மற்ற அனைவருக்கும், இரண்டாம் இடம் வந்தவர் உட்பட, ‘முடிக்கவில்லை’ என்றே எழுதுகிறார்கள்.