உஷ்ஷ்... தாளம் போடாதே!

போன ஞாயிறு இங்கே மும்பையில் ஒரு கச்சேரி. எங்க வீட்டு எட்டு வயசு வாலு, கீர்த்தனை சூடு பிடித்ததும் தொடையில் தட்டித் தாளம் போட ஆரம்பித்துவிட்டாள். பின்வரிசையிலிருந்து "உஷ்ஷ்". நானும் நல்ல பிள்ளையாக அவள் கையைப் பிடித்து அமுக்கினேன். திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "பாடற மாமாவே தட்டறாரேப்பா, அவரை யாரும் உஷ் சொல்லலையே?"

பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கொஞ்சம் புரட்டினேன்.

இந்த "உஷ்ஷ்" அப்படியொன்றும் பழசில்லை. 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் ஆபெராவில் சீமான்கள் அரட்டை அடித்துக்கொண்டும் அடுத்தவர் உடையை நோட்டம் விட்டுக்கொண்டும்தான் உட்கார்ந்திருந்தார்கள். 1876-இல் வாக்னர் ஜெர்மனியின் பைராய்ட்டில் தன் அரங்கத்தைத் திறந்தபோது, பார்வையாளர் பக்கம் விளக்கைக் குறைத்து எல்லோரையும் மேடையைப் பார்க்க வைத்தார். 1882-இல் அங்கே 'பார்சிஃபால்' நடந்தபோது ஒரு காட்சிக்கு "பிராவோ" என்று கத்தியவரைக் கூட்டம் அதட்டி அடக்கியதாம். கத்தியவர் வாக்னரேதான்!

நம்ம பக்கம் கதை வேறு. கோயில் புறப்பாட்டில் நாகஸ்வரம் ராத்திரி முழுக்கப் போகும். கேட்பவர் வருவார், போவார், குழந்தை மடியிலேயே தூங்கிவிடும். நல்ல பிடி விழுந்தால் "பலே" வரும். அந்தப் "பலே"யும் கச்சேரியில் ஒரு பங்குதான். பிறகு சபாக்கள் வந்தன. சென்னையில் பார்த்தசாரதி சுவாமி சபா 1900-இல், மியூசிக் அகாடமி 1928-இல். டிக்கெட், நாற்காலி, மணிக்கணக்கு எல்லாம் பழக்கமாயின. பிழைக்கப் போன ஊருக்கும் சபாவைத் தூக்கிக்கொண்டே போனோம். மும்பை சண்முகானந்தா சபா 1952-இல் தொடங்கியது. நாற்காலி வந்தது, ஆனால் தாளம் போடும் கை மட்டும் போகவில்லை. நல்லவேளை!

1971-இல் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் வங்காள தேச அகதிகளுக்காக ரவிசங்கர் வாசித்தார். சுருதி சேர்த்து முடித்ததுமே கைதட்டல். இதுவே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அத்தனை பேரும் பெரியவர்கள்தான். மரியாதைக்குக் குறைச்சலில்லை, எது பாட்டு என்றுதான் தெரியவில்லை.

ஆனால் நமக்குத் தெரிந்தும் என்ன? தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் கேன்டீனுக்கு நடையைக் கட்டுவது யார்? மிருதங்கக்காரர் முகத்தைப் பார்த்தபடியே முழங்காலை இடித்துக்கொண்டு வெளியேறுவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்! (அன்றைக்கு நானும் போனேன். போண்டா சுமார்.)

இப்போது வீட்டில் ஓர் ஒப்பந்தம். தாளம் போடலாம், சத்தம் வராமல், விரலை மட்டும் எண்ணி. பாத்ரூம் போக வேண்டுமென்றால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள். அவள் பதிலுக்கு ஒரு கண்டிஷன் போட்டாள்: தனி முடியும் வரை அப்பா எழுந்திருக்கக் கூடாது.

அடுத்த மாசம் இன்னொரு கச்சேரி இருக்கிறது. போண்டாவை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பணும்.