கல்லிலே கண்ட மீன்



அற்றுப்போயிற்று என்று அறிஞர் எழுதிவைத்த உயிரொன்று, ஆற்றிலே அமைதியாய் வாழ்ந்துகொண்டிருந்த வரலாற்றை இன்று கூற விழைகின்றேன். அவ்வுயிர், அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பகுதியில் மேரி, பேர்ணெற் என்னும் ஆறுகளுக்கு உரிய நுரையீரல் மீன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, ஐரோப்பாவின் பழம் பாறைகளிற் கல்லாய் இறுகிய சில பற்களுக்கு லூயி அகாசி என்னும் அறிஞர் 'செரட்டோடஸ்' எனப் பெயரிட்டார். அவ்வினம் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்தது என்பதே அக்காலத்தார் துணிபு. ஆனால், பேர்ணெற் ஆற்றங்கரையிற் குடியேறிய வெள்ளையர் அத்தகைய மீனொன்றைப் பிடித்து உண்டுவந்தனர். ஆதிக்குடிகளோ அதனை அவர்களுக்கும் நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர்.

நியூ சவுத் வேல்ஸின் முதலமைச்சராய் இருந்த வில்லியம் பொஸ்ரர், இம்மீனைப் பற்றிச் சிட்னி நூதனசாலையின் பொறுப்பாளர் ஜெராட் கிறெவ்றிடம் எடுத்துரைத்தார். கிறெவ்ற் நம்பவில்லை. பின்னர் மீனே அவர் கைக்கு வந்தது. அதன் வாயிலே, கல்லிற் கண்ட அதே வகைப் பற்கள்! 1870ஆம் ஆண்டு, தாம் முன்னர் ஐயுற்றதை ஒளிக்காது எழுதி, மீனுக்குப் பொஸ்ரரின் பெயரையே அவர் சூட்டினார்.

இம்மீன் பெரும்பாலும் செவுள்களாலேயே சுவாசிக்கும். நீரில் உயிர்வளி குன்றும்போது மேலே வந்து, தன் ஒற்றை நுரையீரலில் காற்றை நிரப்பும். ஆனால், ஆபிரிக்க உறவினைப்போலச் சேற்றிற் புதைந்து வறட்சியைக் கழிக்க இதற்கு இயலாது. முட்டைகளை நீர்ப்பூண்டுகளில் இட்டுவிட்டுக் காவலின்றி நீங்கிவிடும். இதன் ஆயுளோ நீண்டது. 1933இல் சிக்காகோ நீர்வாழ் உயிர்க்காட்சிச்சாலைக்கு வந்த ஒரு மீன் 2017வரை அங்கு வாழ்ந்தது.

இந்த நீண்ட ஆயுளே நம்மை ஏமாற்றவுங் கூடும். அணை கட்டி நீர்மட்டம் ஏறி இறங்குமாயின், கரையோரப் பூண்டுகள் அழிய, முட்டையிட இடமிராது. முதிய மீன்கள் உலவுவதைக் கண்டு, எல்லாம் நலமே என நாம் எண்ணியிருப்போம், குஞ்சுகளோ இரா. மேரி ஆற்றில் 2006இல் முன்மொழியப்பட்ட திறவஸ்ரன் அணையை 2009இல் அவுஸ்திரேலிய மத்திய அரசு மறுத்தது. அம்மறுப்புக்கு இம்மீனும் ஒரு காரணம்.

இருக்கும் உயிரை இல்லையென்ற பிழை, ஒரு மீன் கைக்கு வந்ததும் திருந்திற்று. அற்றுப்போனபின் உணரும் பிழையைத் திருத்த எந்த ஆறும் இன்னொரு மீனைத் தராது.