இத்தாலியின் கசப்பு மது

இத்தாலிய மொழியில் ‘அமாரோ’ என்ற சொல்லுக்குக் கசப்பு என்பதே பொருள். வேர், பட்டை, பூ, பழத்தோல் ஆகியவற்றைச் சாராயத்தில் ஊறவைத்து, சர்க்கரை சேர்த்து, பெரும்பாலும் உணவுக்குப் பின் செரிமானத்துக்கென்று சிறு கோப்பையில் அருந்தும் மதுவகைக்கு அச்சொல்லே பெயராக நிலைத்துவிட்டது. இவ்வகைப் புட்டிகள் பலவும் தம் பிறப்பைத் துறவியர் மடங்களோடு இணைத்துப் பேசுகின்றன. அதில் உண்மை இல்லாமல் இல்லை: மடங்களில் மூலிகைத் தோட்டமும் இருந்தது, வடிக்கும் வாலையும் இருந்தது, சிசிலித் தீவின் கால்தானிசெத்தாவில் 1868-இல் தொடங்கிய அவெர்னா, தன் செய்முறை அவ்வூர்த் துறவியரிடமிருந்து வந்ததாகவே சொல்லிவருகிறது. ஆயினும், ராமட்சோத்தி மிலானில் 1815-இலும், பெர்னெட் பிராங்கா அதே நகரில் 1845-இலும், பெலோனி என்ற மருந்தாளுநரின் பிராவுலியோ ஆல்ப்ஸ் மலையூரான போர்மியோவில் 1875-இலும், மொந்தெநேக்ரோ பொலோஞ்ஞாவில் 1885-இலும் தோன்றியதைப் பார்த்தால், இது மடத்தின் கதை என்பதைவிடப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருந்துக்கடையின் கதை என்பதே பொருந்தும். இடைவிடாது வடிக்கும் புதிய வடிகலன்களால் தூய சாராயமும், பீட் கிழங்கிலிருந்து எடுத்த சர்க்கரையும் மலிவாகக் கிடைத்தது அந்நூற்றாண்டில்தான்.

கசப்புக்கு முதன்மையான மூலம் ஜென்ஷியன் என்னும் மஞ்சள் பூ மலைச்செடியின் வேர். அதிலுள்ள அமாரோஜென்டின் என்ற பொருள், பல கோடிப் பங்கு நீரில் ஒரு பங்காகக் கரைந்தாலும் நாவுக்குத் தெரியும் அளவுக்குக் கடுமையானது. அதனோடு மாசிபத்திரி இனச் செடிகளும், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகத் தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பா வந்த சின்கோனாப் பட்டையும், கசப்பு ஆரஞ்சுத் தோலும் சேரும். இக்கசப்புப் பொருள்கள் ஆவியாகி வாலையில் ஏறுவதில்லை, மணம் தரும் எண்ணெய்களே ஏறும். ஆகவே வேரையும் பட்டையையும் சாராயத்தில் நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ ஊறப்போட்டுச் சாறு இறக்குவதும், பூவும் விதையும் போன்ற மணப்பொருள்களில் சிலவற்றைத் தனியே வடிப்பதும், சிலவற்றை நீரில் கொதிக்கவைத்துக் கஷாயமாக்குவதும் என வேலை பிரிகிறது. பிறகு எல்லாம் கலக்கப்பட்டு, நீரும் சர்க்கரையும் பெரும்பாலும் நிறத்துக்காகக் கருக்கிய சர்க்கரைப்பாகும் சேர்க்கப்பட்டு, தொட்டியிலோ ஓக் மரப் பீப்பாயிலோ மாதக்கணக்கில் வைத்து வடிகட்டப்படும். எவ்வளவு எடை, எத்தனை நாள் என்பது தயாரிப்போரின் இரகசியமாகவே இருக்கும்.

பெர்னெட் பிராங்காவில் 27 மூலிகைகள் சேர்வதாக அறிவிக்கப்படுகிறது. அவற்றுள் குங்குமப்பூ, ரேவல்சின்னி, வெள்ளைப்போளம், கரியபோளம் ஆகியன நம் நாட்டுமருந்துக் கடைகளுக்கும் பழக்கமானவை. காலராவுக்கு மருந்து என்றே அது தொடக்கத்தில் விற்கப்பட்டது. கசக்காத மருந்தை நம்பாத மனம் எந்த நாட்டிலும் உண்டு போலும். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடந்தபோது, அதே மருந்து வேடமே அதனை அந்நாட்டு மருந்துக்கடைகளுக்குள் கொண்டுசேர்த்தது.

அவ்வேடம் எளிதில் கலையவில்லை. 1952-இல் கூனைப்பூ என்னும் ஆர்ட்டிசோக்கைக் கொண்டு சைனார் என்ற அமாரோ அறிமுகமானபோது காலராவைப் பற்றிப் பேச வேண்டிய தேவை மறைந்திருந்தது; எனவே 1960-களின் தொலைக்காட்சி விளம்பரத்தில், நடிகர் எர்னெஸ்தோ காலிந்திரி வண்டிகள் விரையும் சாலையின் நடுவே மேசைபோட்டு அமர்ந்து, நவீன வாழ்க்கை தரும் அலுப்புக்கு அதனைப் பரிந்துரைத்தார்.